எம்20 மேக்னெட்டோ மக்கர் செய்தால்: எதைப் பழையதாகத் தேடுவது, எதைப் புதிதாகப் போடுவது

பி.எஸ்.ஏ எம்20 என்கிற பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளை வைத்திருக்கிற இரண்டு பேர் சந்தித்தால் பத்தாவது நிமிடத்தில் பேச்சு மேக்னெட்டோவில், அதாவது எஞ்சின் சுற்றும்போது பிளக்குக்குத் தானே கரண்ட் உண்டாக்கித் தருகிற கருவியில், வந்து நிற்கும். 496 சி.சி., சைடு வால்வு, ஒற்றை சிலிண்டர். வேகம் கிடையாது, ஆனால் மாடு மாதிரி உழைக்கும். இரண்டாம் உலகப் போருக்காக இந்த வண்டியைச் சுமார் 1,26,000 செய்து தள்ளினார்கள். போர் முடிந்து இந்தியாவில் மிச்சமிருந்ததெல்லாம் டிஸ்போசலில் விற்றுப் போய், கைமாறிக் கைமாறி, கடைசியில் யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் சாக்கு மூடிக் கிடக்கும். என்னுடையதும் அப்படி வந்ததுதான்.

இதில் இருப்பது லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாமான் கம்பெனியின் மேக்டைனோ. கீழே எம்ஓ1 மேக்னெட்டோ, அதன் முதுகில் பட்டை போட்டுக் கட்டிய டைனமோ. லூகாஸை 'இருட்டின் இளவரசன்' என்று கேலி செய்யும் பழைய ஜோக் ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்பது வருஷம் கழித்தும் ஒரு பொருள் பாதி வேலை செய்கிறதென்றால் செய்தவனைக் குறை சொல்ல முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நிறையப் பணம் செலவானது. 'ஒரிஜினல்' ஒரிஜினல் என்று நாம் அலைகிறோமே, அதில் வெளியே தெரிகிற பாகங்களுக்கு மட்டும்தான் அர்த்தம் இருக்கிறது. பாடி, பாயின்ட் (திறந்து மூடிப் பொறி வரவைக்கிற தொடுமுனைகள்) மூடி, கேம் ரிங் (பாயின்டைத் திறக்கிற மேடு உள்ள வளையம்), முத்திரை, இதையெல்லாம் பழையதாகவே தேடுங்கள். உள்ளே இருக்கிற கண்டன்சர் (பாயின்டில் பொறி தெறிக்காமல் காக்கிற மின்தேக்கி), ஆர்மேச்சர் (காந்தத்துக்கு நடுவில் சுழல்கிற கம்பிச்சுருள்) சுற்று, இன்சுலேஷன் மூன்றும் எவ்வளவு ஒரிஜினலாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் உங்களை நடுரோட்டில் விடும். அதனால் பழுது எங்கே என்று தெரியாமல் எதையும் வாங்கக் கூடாது.

இன்னொன்று, பிளக்கில் கரண்ட் வருவதற்கும் பேட்டரிக்கும் இந்த வண்டியில் சம்பந்தமே இல்லை. பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டலாம். ஆம்ப்ஸ் மீட்டர் முள் அசையவில்லை, லைட் மங்கல் என்பதெல்லாம் மேலே இருக்கிற டைனமோ சமாசாரம். புல்லட் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்தால் முதலில் பேட்டரியைத்தான் தொடுவார், பாவம், அவர் கைப்பழக்கம் அது.

கரண்டே இல்லை

பல வருஷம் நின்ற வண்டி என்றால் எழுபது சதவீதம் இது பாயின்ட் அழுக்குத்தான் என்று பந்தயம் கட்டுவேன் (சதவீதம் என் வாய்க் கணக்கு). மூடியைக் கழற்றி, பாயின்ட் இரண்டையும் மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த கெட்டிக் காகிதத்தை நடுவில் விட்டு இழுத்தால் போதும். கேப் 12 தவ் (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் 12 பங்கு), அதாவது 0.30 மி.மீ. புல்லட் அளவு வைத்துவிடாதீர்கள், அது இதைவிட அதிகம்.

அப்போதும் இல்லையா, பிளக் ஒயர் வந்து சேருகிற பிக்கப்பைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு கார்பன் பிரஷ் ஸ்பிரிங்கோடு இருக்கும், அது முழுசாக இருக்கிறதா, உள்ளே போய் வெளியே வருகிறதா என்று பாருங்கள். பிக்கப் இருந்த துளைக்குள் ஒரு பென்சில் முனையில் சுத்தமான துணியைச் சுற்றி, பெட்ரோலில் தொட்டு, அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொருவரை மெதுவாக எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள். ஆர்மேச்சரோடு சுற்றுகிற ஸ்லிப் ரிங்கில் (பிரஷ் உரசிக் கரண்ட் எடுக்கிற வளையம்) படிந்த கார்பன் கரி அப்படியே துணியில் வந்துவிடும். அந்தக் கரி வழியாகக் கரண்ட் பாடிக்கு ஓடிப்போய்விடும், பிளக் பட்டினி கிடக்கும்.

பலர் விட்டுவிடுகிற இடம் எர்த் பிரஷ். மேக்னெட்டோ பாடியில் ஒரு ஸ்க்ரூவுக்குப் பின்னால் சின்னதாக ஒளிந்திருக்கும். ஆர்மேச்சரின் பேரிங்குகள் பாடியோடு ஒட்டாதபடி காகித இன்சுலேஷன் மேல் உட்கார்ந்திருப்பதால், ஆர்மேச்சருக்கு எர்த் இந்த பிரஷ் வழியாகத்தான். அது தேய்ந்தாலோ, முன்பு பிரித்தவர் போட மறந்துவிட்டாலோ கரண்ட் வந்தாலும் வரும், வராவிட்டாலும் வராது. எனக்கு வந்த மேக்னெட்டோவில் அந்த இடத்தில் ஸ்க்ரூ மட்டும் இருந்தது, பிரஷ் இல்லை. எத்தனை கை மாறியபோது தொலைந்ததோ.

இதெல்லாம் சரி, இன்னும் இல்லை என்றால் மீட்டரை எடுங்கள். பாயின்ட் நடு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு ஆர்மேச்சர் பிரைமரி (உள்ளே இருக்கிற தடித்த கம்பிச் சுற்று) அளந்தால் அரை ஓம் சுற்றி வரணும். ஸ்லிப் ரிங்கின் பித்தளையிலிருந்து எர்த்துக்கு அளந்தால் ஐயாயிரம் ஓம் அக்கம்பக்கம். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை என்றால் சுற்று அறுந்துவிட்டது, மறுபடி சுற்றத்தான் வேண்டும்.

ஆர்மேச்சரை வெளியே எடுக்கும் முன் பிக்கப், எர்த் பிரஷ், அப்புறம் சேஃப்டி கேப் ஸ்க்ரூ (அளவுக்கு மிஞ்சிய கரண்ட் தாவி எர்த்துக்குப் போவதற்கான ஸ்க்ரூ), மூன்றையும் கழற்றியாக வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு இழுத்தால் ஸ்லிப் ரிங் சில்லுச் சில்லாகிவிடும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அதோடு அன்றைய ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

குளிர்ந்திருந்தால் ஒரே உதையில் ஸ்டார்ட், சூடானால் செத்துவிடுகிறது

எம்20 காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த நோய் இது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தேன் மாதிரி ஓடும், பிறகு தும்மும், நின்றுவிடும், எவ்வளவு உதைத்தாலும் அசையாது. டீ குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும். கார்புரேட்டரைப் பிரிக்காதீர்கள். பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு (அதுவும் இதே மாதிரி நடிக்கும்) நேராக மேக்னெட்டோவுக்கு வாருங்கள்.

காரணம் இரண்டில் ஒன்று. முதலாவது கண்டன்சர். இது ஆர்மேச்சரின் ஒரு முனைக்குள்ளேயே புதைந்து, அதோடு சேர்ந்து சுற்றுகிறது. காகிதமும் தகடுமாகச் சுருட்டிச் செய்த பழங்காலத்துச் சரக்கு, ஈரம் ஏறி, வயசாகி, கசிய ஆரம்பித்துவிடும். சூடு ஏற ஏறக் கசிவு கூடும். பாயின்ட் மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட விட்டுப் பாருங்கள், பாயின்டுக்கு நடுவில் கொழுத்த நீலப் பொறி தெறித்துக்கொண்டே இருந்தால் கண்டன்சர் போய்விட்டது. நல்ல கண்டன்சர் இருந்தால் பொறி ஊசி முனை அளவுக்கு மினுக்கும், அவ்வளவுதான்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். 'ராணுவ ஸ்டாக், பெட்டி பிரிக்காதது, 1943' என்று போட்டு ஒருவர் கண்டன்சர் விற்றார். மெழுகுக் காகிதம் சுற்றி, அதன் மேல் பழைய லேபிள், பார்க்கவே கண்ணீர் வரும் அழகு. விலையும் அதற்கேற்ற விலை. போட்டேன், பன்னிரண்டாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது, பழையது நின்ற அதே புளியமரத்தடி. யோசித்தால் புரிகிற விஷயம்தான்: கண்டன்சர் ஓடித் தேய்வதில்லை, சும்மா இருந்தே கெடுகிறது. அலமாரியில் எண்பது வருஷம் இருந்ததும் வண்டியில் எண்பது வருஷம் இருந்ததும் அதற்கு ஒன்றுதான். பழைய ஸ்டாக் கண்டன்சர் என்று யார் கொடுத்தாலும், இலவசமாகக் கொடுத்தாலும், கண்ணாடி அலமாரியில் வைக்கலாம், மேக்னெட்டோவில் வைக்கக் கூடாது.

இப்போது புதிதாகச் செய்கிற செராமிக் அல்லது ஃபிலிம் கண்டன்சர்கள் சின்னதாக வருகின்றன, பாயின்ட் பக்கமாகவே பொருத்துகிற வகையும் உண்டு, ஆர்மேச்சரைப் பிரிக்கிற வேலை மிச்சம். வெளியிலிருந்து பார்த்தால் எவனுக்கும் தெரியாது. அதேசமயம் புல்லட் கண்டன்சர் ஒன்றை வெளியே கட்டி ஒயர் இழுத்துவிடலாம் என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். கசிகிற பழையது உள்ளேயே இணைந்திருக்கும்வரை வெளியே எதைக் கட்டினாலும் கசிவு நிற்காது. பழையதன் இணைப்பை அறுத்தால்தான் புதியதற்கு வேலை.

இரண்டாவது காரணம் ஆர்மேச்சர் சுற்று. அந்தக் காலத்தில் இன்சுலேஷனுக்கு அரக்கு பூசினார்கள், நம் ஊரில் வளையல் செய்கிற அதே அரக்குதான், அன்றைக்கு உலகத்துக்கே பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது. அரக்கு சூட்டில் இளகும். இளகி வெளியே வழிந்து, ஆறும்போது பாடிக்கும் ஆர்மேச்சருக்கும் நடுவில் இறுகிக்கொண்டால் மேக்னெட்டோ சுற்றவே மறுக்கும். ஆர்மேச்சர் மேல் தேன் நிறத்தில் பிசுபிசுப்புத் தெரிந்தால் மேற்கொண்டு ஆராய்ச்சி வேண்டாம், சுற்றக் கொடுங்கள்.

யாரிடம்? மோட்டார் வைண்டிங் கடைக்காரர் கை சுத்தமானவராகவே இருந்தாலும், தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றி, அடுக்குக்கு அடுக்கு இன்சுலேஷன் வைத்து, வெற்றிடத்தில் ரெசின் இறக்குகிற ஏற்பாடு அவரிடம் இருக்காது. பம்ப்செட் மோட்டார் வேறு, இது வேறு. மேக்னெட்டோ மட்டுமே செய்கிறவர்களிடம் கொடுங்கள், இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டியிருந்தாலும் சரி. சுற்றக் கொடுக்கும்போதே கண்டன்சரையும் மாற்றச் சொல்லிவிடுங்கள், இரண்டு முறை பிரிக்க வேண்டாம்.

தள்ளினால் ஸ்டார்ட் ஆகிறது, உதைத்தால் இல்லை

வேகமாகச் சுற்றினால் கரண்ட் இருக்கிறது, மெதுவாகச் சுற்றினால் போதவில்லை என்று அர்த்தம். எஞ்சின் இரண்டு சுற்றுக்கு மேக்னெட்டோ ஒரு சுற்றுத்தான், ஆகவே கிக்கர் கொடுக்கிற வேகம் அதற்குச் சொற்பம்.

பிளக்கை ஹெட் மேல் வைத்து 'பொறி வருகிறதே' என்று திருப்திப்படாதீர்கள். வெளியே காற்றில் அரை மி.மீ. கேப்பைத் தாண்டுவது சுலபம், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாண்டுவதற்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். ஒயர் முனையிலிருந்து எர்த்துக்கு ஐந்து மி.மீ. இடைவெளி விட்டுப் பாருங்கள், கையால் சுற்றும்போதே 'சடக்' என்று தாண்டினால் மேக்னெட்டோ நல்ல நிலை. தாண்டவில்லை என்றால் வரிசையாக: பாயின்ட் அழுக்கு, எர்த் பிரஷ், கண்டன்சர், கடைசியில் காந்தம்.

காந்தம் ஏன் கடைசி என்றால் அது தானாகக் கெடுவது அபூர்வம், கெடுப்பது நாம்தான். ஆர்மேச்சரை உருவி எடுத்துவிட்டுப் பாடியைச் சும்மா மேசையில் போட்டால் காந்தம் பலம் இழக்கும். உருவும்போதே பாடிக்குள் இரண்டு பக்கத்தையும் இணைக்கிற மாதிரி ஒரு இரும்புத் துண்டு வைத்துவிடணும். பழைய சாமான் சந்தையில் தனிப் பாடி வாங்கினீர்களானால், எத்தனை வருஷம் அது வெறும் வயிற்றோடு கிடந்ததோ, காந்தம் ஏற்றாமல் பூட்ட வேண்டாம்.

மெதுவாக நன்றாக ஓடுகிறது, முறுக்கினால் தடுமாறுகிறது

எம்ஓ1-இல் பாயின்டைத் திறப்பது டேப்பட் என்கிற ஒரு சின்னத் தள்ளுகோல். அது சுற்றுகிற தட்டின் துளைக்குள் நுழைந்து, பின்னால் இருக்கிற கேம் ரிங்கின் முகத்தில் ஓடும், மேட்டில் ஏறும்போது பாயின்ட் திறக்கும். டேப்பட் துளைக்குள் இறுகினால் திறந்த பாயின்ட் மூட நேரமாகும், வேகம் கூடக் கூடத் தவறும். வெளியே எடுத்து, துடைத்து, விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய்வரணும். கேம் ரிங்குக்கு எண்ணெய் கொடுக்கிற திரியில் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். குளிப்பாட்டினால் பாயின்ட் மேல் வந்து எரியும்.

பாயின்ட் செட் வாங்கப் போகிறவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். பிற்காலத்து லூகாஸ் கே2எஃப் மாதிரியானவற்றில் வளையத்தின் உள்பக்கம் மேடு இருக்கும், டேப்பட் கிடையாது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 'லூகாஸ் மேக்னெட்டோ பாயின்ட்' என்று மட்டும் கேட்டால் எதையாவது கொடுப்பார்கள். டேப்பட் வகை என்று சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் பழைய தட்டையே கையில் கொண்டுபோங்கள். கேம் ரிங்கும் அப்படியே, மேக்னெட்டோ சுற்றுகிற திசைக்குத் தகுந்த ரிங் வேண்டும், வேறு கம்பெனி வண்டியிலிருந்து கழற்றியது உங்களுக்கு எதிர்த்திசையாக இருக்கலாம்.

பேரிங் ஆட்டமும் இதே தொல்லையைக் கொடுக்கும். ஆர்மேச்சர் ஆடினால் பாயின்ட் கேப் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. பேரிங் இ15, 15×35×8 மி.மீ., இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, அதில் பழமை தேடுகிறவர் எவரையும் நான் பார்த்ததில்லை. காகித இன்சுலேஷனைப் புதிதாக வைக்க மறக்காதீர்கள்.

கிக்கர் திருப்பி அடிக்கிறது, அல்லது சைலன்ஸர் பைப் நீலமாகிறது

பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பொறி எவ்வளவு முந்தி வருகிறதோ அதுதான் அட்வான்ஸ். முன்னது அட்வான்ஸ் அதிகம், பின்னது குறைவு. ஹேண்டில்பாரில் அட்வான்ஸ் லிவரை நகர்த்தும்போது மூடிக்குள்ளே கேம் ரிங் உண்மையிலேயே திரும்புகிறதா என்று முதலில் பாருங்கள், கேபிள் துருப்பிடித்து லிவர் மட்டும் ஆடுவது சகஜம். கேம் ரிங் திரும்புகிறது என்றால் டைமிங் நழுவியிருக்கிறது. மேக்னெட்டோ கியருக்குச் சாவிக் கட்டை கிடையாது, கூம்புத் தண்டில் நட்டின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. கூம்பில் எண்ணெய்ப் பசை இருந்தால் வழுக்கும். சுத்தமாகத் துடைத்து, லிவரை முழு அட்வான்ஸில் வைத்து, கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சிக்கு 7/16 அங்குலம் முன்னால் நிற்கும்போது பாயின்ட் திறக்கத் தொடங்கணும். சிகரெட் காகிதம் ஒன்றைப் பாயின்டுக்கு நடுவில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே இருந்தால் விடுபடுகிற கணம் கைக்குத் தெரியும். நட்டை இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை பாருங்கள், இறுக்கும்போதே நகர்வது இதன் குணம்.

மழையிலும் பனியிலும் மட்டும் மிஸ்ஸிங்

ராத்திரி, லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு வண்டியை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பிக்கப் மேல் நீல நூல் மாதிரி மின்னல் ஓடினால் அதன் பேக்கலைட்டில் (பழங்காலக் கெட்டிப் பிளாஸ்டிக்) கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. பழைய பிக்கப் அழகுதான், விரிசல் இல்லாததாகப் பொறுக்க முடிந்தால் அதையே போடுங்கள், இல்லையென்றால் நல்ல புதியது. ஒயர் 7 மி.மீ., உள்ளே செம்புக் கம்பி இருக்கிறதாகப் பாருங்கள். இன்றைய கார்களுக்கு வருகிற கார்பன் ஒயரில் பிக்கப்பின் ஊசி ஸ்க்ரூ சரியாகப் பிடிக்காது.

இப்போது சந்தைக்கு

பாடி, மூடி, கேம் ரிங் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்னை புதுப்பேட்டையில் கிடைத்த காலம் ஒன்று இருந்தது, இப்போது அதிர்ஷ்டம் வேண்டும். இங்கிலாந்தில் பியூலி மாதிரியான பழைய உதிரிபாகச் சந்தைகளுக்குப் போய்வருகிற நண்பர் இருந்தால் அவர் கையில் படம் கொடுத்தனுப்புவது நல்லது, படத்தில் மாடல் எழுத்தும், சுற்றும் திசை அம்புக்குறியும் தெளிவாகத் தெரியணும்.

லூகாஸ் பாகங்களில் மாதமும் ஆண்டும் முத்திரை குத்தியிருக்கும். பிரிட்டிஷ் ராணுவச் சொத்துக்கு மூன்று கோடு சேர்ந்த அம்பு முத்திரை. இந்த அம்புதான் விலையை ஏற்றுகிறது, அதனாலேயே இந்த அம்பை இப்போதும் குத்துகிறார்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழைய முத்திரையின் பள்ளத்துக்குள் சுற்றிலும் இருக்கிற அதே அழுக்கும் அதே மங்கலும் இருக்கும். புதிதாகக் குத்தியதில் விளிம்பு தூக்கிக்கொண்டு விரலில் உரசும், பள்ளம் மட்டும் பளிச்சென்று இருக்கும். மணல் அடித்துப் பளபளப்பாக்கிய பாடியில் அம்பு இருந்தால் எனக்கு இன்னும் சந்தேகம், ஏனென்றால் ஒப்பிடப் பழைய பரப்பே மிச்சமில்லை.

ஆண்டு பொருந்தவில்லையே என்று மனசு உடைய வேண்டாம். உங்கள் வண்டி 1941, மேக்னெட்டோ 1944 என்றால் அது போலி என்று ஆகிவிடாது. ராணுவப் பட்டறையில் வண்டியைப் பிரித்து மறுபடி சேர்த்தபோது கைக்குக் கிடைத்ததைப் பூட்டினார்கள். அந்தப் பொருத்தமின்மையையும் வண்டியின் வரலாறாகவே நான் எடுத்துக்கொள்கிறேன், கழற்றி எறிந்துவிட்டு 1941 தேடி அலைகிற நண்பர்களோடு இதில் எனக்கு ஓயாத சண்டை. ஆனால் 1948 என்று முத்திரை உள்ள மேக்னெட்டோவை 'போர்க்காலத்தது' என்று விற்றால் அது வேறு கதை, அந்த விலை கொடுக்காதீர்கள்.

பழைய தோற்றத்தில் பாடி, உள்ளே எலக்ட்ரானிக்ஸ் என்று முழு மேக்னெட்டோவும் புதிதாக வருகிறது. தினமும் ஓட்டுகிறவருக்கு நல்லது. எனக்கு வேண்டாம், பாயின்டைத் திறந்து பார்க்கிற சுகம் அதில் இல்லை.

ஆர்மேச்சரை வெளியூர் அனுப்பும்போது பாடியையும் சேர்த்தே அனுப்புங்கள், அப்போதுதான் காந்தம் ஏற்றிச் சோதித்து அனுப்புவார்கள். பாடிக்குள் இரும்புத் துண்டு இருக்கட்டும். கழற்றிய சின்ன ஸ்க்ரூக்கள், எர்த் பிரஷ், பாயின்ட் தட்டு எல்லாம் தனிப் பொட்டலம், ஒவ்வொன்றின் படமும் உங்கள் போனில். சுங்கத் தாளில் 'பழுதுபார்க்க அனுப்பித் திரும்ப வருகிற பழைய பாகம்' என்று எழுத மறந்தால் உங்கள் மேக்னெட்டோவுக்கே நீங்கள் வரி கட்டி மீட்க வேண்டிவரும். நான் ஒருமுறை கட்டினேன்.